மூன்று தடயங்கள்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு வழக்கைத் துப்பறிந்து முடித்தேன். செய்தவர் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். அந்த வகையில் அது வெற்றிதான்.

அப்போது அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அத்தையின் கணவரான மாமா மேற்கு மாம்பலத்தில் தனியாக இருந்தார். அம்மா பள்ளிக்கூட டீச்சர், வீடு வந்து சேர ஆறரை ஆகும். அதனால் சாயங்காலங்களில் என்னை மாமா வீட்டில் விட்டார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள மாமாவா, மாமாவைப் பார்த்துக்கொள்ள நானா என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

மாமா அதிகம் பேசமாட்டார். டீ போடுவார், பிஸ்கட் தருவார், பிறகு லேப்டாப்பைத் திறப்பார். அதில் ஒரு துப்பறியும் கேம். ஆவிகளைப் பார்க்கத் தெரிந்த ஒரு கிழட்டுத் துப்பறிவாளர், ஓயாமல் மழை பெய்யும் ஊரில் வீடு வீடாகப் போவார். ஒரு மாடிப்படி ஏற இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார். அங்கே செத்தவர்களுக்குப் பேச வராது, பொருட்களைச் சுட்டிக்காட்ட மட்டும்தான் முடியும். ஓடச் சொல்லி நான் பட்டனை அழுத்தினால் மாமா என் கையை விலக்கிவிட்டு, பாவம், அவருக்கு முட்டி வலி என்பார். பல நாட்கள் கேமில் எதுவுமே நடக்காது. மாமாவுக்கு அதுதான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

வழக்கை முடிக்க ஒரு விதி உண்டு. சம்பந்தப்பட்டவர்களை ஒரே இடத்தில் கூட்டி, மூன்று தடயங்களை வரிசையாக வைக்க வேண்டும். வைத்தால் பொய் சொன்னவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

அத்தை செத்த கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் மூச்சு மிஷினில் இருந்தார். கடைசி நாள், அவர் பிழைக்க வேண்டும் என்று சர்ச்சில் சாயங்காலம் ஆறு மணிப் பூசையில் அவர் பெயரை வாசித்து வேண்டிக்கொள்ள அப்பா கருத்து கொடுத்திருந்தார். சாமியார் பீடத்தில் அத்தையின் பெயரை வாசித்த அதே நேரத்தில், ஆஸ்பத்திரியில் மூச்சு தானாக அடங்கிவிட்டது என்று மாமா சொன்னார். அப்பா அதைத் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பூசை நடக்கும்போது ஆண்டவரே வந்து கூட்டிக்கொண்டு போனார் என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடையாது.

ஒருநாள் மாமா பால் வாங்கப் போயிருந்தார். நான் துப்பறிவாளரைப் போலவே மெதுவாக நடந்து பீரோவைத் திறந்தேன். ஸ்கேன் படங்களுக்கு அடியில் ஆஸ்பத்திரித் தாள்கள். ஆங்கிலத்தில் பாதி புரியவில்லை. மிஷினை எடுக்கச் சம்மதம் என்பது போல ஒன்று, அதன் கீழே மாமாவின் கையெழுத்து, நேரம் நாலு பத்து. இன்னொரு தாளில் அத்தை இறந்த நேரம் நாலு நாற்பது. எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: மாமா பொய் சொல்லியிருக்கிறார். சந்தோஷத்தில் இரண்டு தாள்களையும் மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது தடயம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பா தன் ஜெபப் புத்தகத்தில் பத்திரமாக வைத்திருந்த, ஆறு மணி என்று எழுதிய பூசைச் சீட்டு.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அப்பாவும் மாமாவும் அத்தையின் கல்லறையைக் கழுவித் துடைத்தார்கள், அம்மா சாமந்தியைப் பரப்பினாள். கல்லறைகளை மந்திரிக்க வரும் சாமியார் நாலைந்து வரிசை தள்ளி இருந்தார். எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள். நான் பையிலிருந்து மூன்று தாள்களையும் எடுத்து மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து, கேமில் வருகிற மாதிரியே கேட்டேன்.

"ஆறு மணின்னு ஏன் பொய் சொன்னீங்க, மாமா?"

அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் அப்பா தாள்களை எடுத்துவிட்டார். ஒவ்வொன்றாகப் படித்தார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

"நாலு நாப்பதா, மாப்ள?"

"ஆமா, மச்சான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும். அவ வலி தாங்கல. அதான் கேக்கல."

சாமியார் வந்து தண்ணீர் தெளித்தபோது எல்லாரும் சிலுவை போட்டோம், அப்பா மட்டும் போடவில்லை. வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் மாமா ஏறவில்லை. நான் சரியாத்தானே கண்டுபிடித்தேன் என்று அப்பாவிடம் கேட்டேன். சரியாத்தான் கண்டுபிடித்தாய் என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மாமா வீட்டுக்கு என்னை அனுப்பவில்லை. அப்பாவும் மாமாவும் அதன்பின் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் மாமா வேறு ஊருக்குப் போய்விட்டார். கேம் பாதியில் நின்றுபோனதே என்றுதான் நான் அழுதேன். தங்கையின் சாவைத் தாங்கிக்கொள்ள அப்பாவிடம் இருந்தது அந்த ஆறு மணி ஒன்றுதான். அதை அவருக்குக் கொடுக்கத்தான் மாமா அந்தப் பொய்யைத் தன் நெஞ்சில் சுமந்திருந்தார். அதை அப்பாவின் கையிலிருந்து பிடுங்கியது நான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.