அண்ணி அடித்த மருந்தும் என் ஓணானும்

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருடம், காஜா பேராங் ஊரில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஓடிய கரப்பான்களைக் கண்டதும்தான் அந்த யோசனை வந்தது: என் ஓணானுக்குத் தீனியை நானே வளர்த்தால் என்ன? ஏழெட்டைப் பிடித்து பிஸ்கட் டின்னில் விட்டேன். அவை பெருகும்வரை பொறுக்காமல் அன்றே ஒன்றை ஊட்டினேன். சற்று நேரத்தில் ஓணான் துவண்டு விழுந்தது.

“காலையிலதான் பூச்சி மருந்து அடிச்சேன்லா தம்பி!” என்று பதறிய அண்ணி, கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“இந்த முதலை செத்தா நிம்மதின்னு நீங்கதான அண்ணி சொன்னீங்க?”

“அது சும்மா வாய் வார்த்தைடா. அதோட வாயைத் திற!”

மாலையில்தான் அது கண் திறந்தது. அன்றிலிருந்து டின்னில் பிறந்த குஞ்சுகளைத் தவிர வேறெதுவும் அதற்குக் கொடுப்பதில்லை. நான் சிங்கப்பூரில் படிக்கும் இந்த நாட்களில் டின்னைப் பார்த்துக்கொள்வது அண்ணிதான். அந்த அடுப்படியும் அவர் ஏச்சும் இங்கே இல்லாதது பெரிய குறை. விடுமுறையில் வெட்டுக்கிளி வளர்த்துப் பார்க்கப் போகிறேன், எங்கெங்கே மருந்து அடித்திருக்கிறார் என்று அண்ணியிடம் முதலில் கேட்டுக்கொண்டு.