தாலிப் படத்தில் அம்மா நிற்க வேண்டும்

கல்யாணம் பேசி முடித்த சோடிகள், பாரிஸின் லா சப்பலில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு வந்ததும் முதலில் கேட்பது ஈபிள் கோபுரத்தைத்தான். மாலை வெளிச்சம், பின்னால் கோபுரம், காற்றில் முந்தானை. நான் தலையாட்டிக் குறித்துக்கொள்வேன். பிறகு என் பாடம் தொடங்கும். மேரியில், அதாவது நகரசபையில், பதிவையும் மண்டபத்துக் கல்யாணத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். எதையாவது சாப்பிட்டுவிட்டு மணவறை ஏறுங்கள். மேடைக்கு வரிசையாகப் படமெடுக்க வருகிற சனத்துக்கு ஒரு எல்லை வையுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் படங்களில் உங்கள் சிரிப்பு பல்வலி மாதிரி இருக்கும். தொடர்பாடல் படித்துவிட்டு வந்தவள் நான், கேட்காத ஆலோசனையும் என்னிடமிருந்து வரும்.

கடைசியாக ஒன்று கேட்பேன்: உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய படம் எது?

பெரும்பாலானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். புறநகர் ஸ்தேனிலிருந்து வந்த அந்தப் பெண் யோசிக்கவே இல்லை.

"தாலி கட்டேக்கை அம்மா எனக்குப் பக்கத்திலை நிக்கிற படம். மற்றதெல்லாம் எப்பிடி வந்தாலும் பரவாயில்லை. எனக்கு உது ஒண்டு வேணும்."

பக்கத்திலிருந்த மாப்பிள்ளை, "அதிலை நானும் நிக்கலாமோ?" என்றார்.

"இடமிருந்தால் பாப்பம்."

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் அவள் சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அன்றிலிருந்து அம்மா எந்தக் கல்யாணத்திலும் மணவறைக்குக் கிட்டப் போனதில்லை. யாரும் விலகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வருவதற்கு முன்பே அவர் விலகிவிடுவார்.

"நீர் எடுப்பீர்தானே?"

"ஓம், அதென்ன பெரிய வேலை," என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும்.

ஸ்டூடியோ நடத்தும் அண்ணையிடம் பின்னேரம் சொன்னபோது அவர் லென்ஸ் துடைப்பதை நிறுத்தினார்.

"சொல்லிப்போட்டியோ?"

"சொல்லிப்போட்டன்."

"உது என்ன ஈபிள் கோபுரமே, வைச்ச இடத்திலை நிக்க? அது தாய். ஓடும்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அன்றைக்கே தெரிந்தது. அந்தக் குடும்பத்தின் உறவுக் கல்யாணங்கள் பலவற்றை அண்ணைதான் எடுத்திருக்கிறார். பழைய படங்களைத் திறந்து அந்த அம்மாவைத் தேடினேன். ஒரு கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் அவருடைய முழங்கை. இன்னொன்றில், எல்லாரும் வாழ்த்தித் தூவ அறுகரிசியோடு மேடையைப் பார்த்து நிற்க, சாப்பாட்டுப் பக்கம் போகிற ஒரு முதுகு. வேறொன்றில் சேலைக்கரை மட்டும். படமெடுக்கிற நேரத்தை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் போலிருந்தது.

மேரிப் பதிவன்று கொஞ்சம் உயிர் வந்தது. மகளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அம்மாவேதான் வந்திருந்தார். மூவர்ண நாடா போட்ட அதிகாரி சட்டப் பிரிவுகளை வாசிக்க, முன்வரிசையில், மகளுக்குத் தோளோடு தோளாக நின்றார். நான் விட்டுவைக்கவில்லை, அந்தப் பக்கம், இந்தப் பக்கம், கீழே குந்தி என்று எடுத்துத் தள்ளினேன். அம்மா ஒளியவே இல்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு என் கமராவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

வெளியே படிக்கட்டில் ஆசையோடு சொன்னேன்: "அன்ரி, மண்டபத்திலையும் இப்பிடியே நிண்டால் சரி."

அவர் கைப்பையின் வாரைச் சரிசெய்தார். "இது கையெழுத்து, பிள்ளை. அது தாலி."

மகள் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். அங்கே நிற்கலாமென்றால் இங்கே ஏன் முடியாது, இந்தக் காலத்தில் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்றெல்லாம். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுத் தமிழில் பதில் சொன்னார்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு உனக்கொரு தலையிடி வந்தாலும், நான் நிண்டபடியால்தான் எண்டு எனக்கு நானே சொல்லுவன். அதை நீ நிப்பாட்டுவியே?"

மகள் படியிறங்கினாள். நான் படித்த படிப்பில் ஊர் வாயை மூட வழி இருந்தது. ஒரு மனுசி தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை மூட வழி இருக்கவில்லை.

மண்டபம் பாரிஸுக்கு வெளியே, திரான்சிப் பக்கம். ஓமத்துக்குப் பக்கத்தில் மண்டபத்து ஆள் ஒருவர் தீயணைக்கும் சிலிண்டரோடு நின்றார். புகை கொஞ்சம் எழுந்தாலும் அவருடைய முகம் மாறியது. அவருக்கும் எனக்கும் அன்று ஒரே மாதிரிக் கவலை. அவர் புகையைப் பார்த்தார், நான் அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலையைப் பார்த்தேன்.

முன்வரிசையில் அம்மாவுக்கென்று ஒரு கதிரையைப் பிடித்து வைத்திருந்தேன். அதில் யாருடையவோ கைப்பைகள் ஏறின. அம்மா வாசலில் ஆட்களை வரவேற்றார், பிறகு சமையல்காரரோடு பேசினார், பிறகு காணவில்லை. மாப்பிள்ளை வந்தார், மாப்பிள்ளைத் தோழன் வந்தார், மணப்பெண்ணின் மாமாவும் மாமியும் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் கழுத்தைத் திருப்பிச் சேலையைத் தேடினேன். மணப்பெண் கூறைச் சேலை மாற்றப் போனாள். மாற்றிக்கொண்டு வந்ததும் தாலிதான். போகிற போக்கில் என்னைப் பார்த்தாள். புருவம் மட்டும் கேட்டது: எங்கை?

நான் சாப்பாட்டுப் பக்கம் ஓடினேன்.

அம்மா வடைத் தட்டுகளுக்கு நடுவில், ஒரு கையில் தட்டுத் துடைக்கும் துணியும் காதில் போனுமாக நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அக்கா. போனைக் காதில் வைக்கவே தேவையில்லை என்கிற அளவுக்குச் சத்தம்.

"எடியே, உங்கடை நேரலையிலை ஒரு இழவும் தெரியேல்லை! வீடியோக்காரன்ரை முதுகுதான் தெரியுது! அவன்ரை முதுகைப் பாக்கவோ நான் குளிச்சு வெளிக்கிட்டு இருக்கிறன்?"

அண்ணையின் ஆட்கள் நேரலைக்கு வைத்த கமரா மண்டபத்தின் பின்பக்கம். அக்கா சொன்னது உண்மைதான். அந்த நொடியில் என் வாய் மறுபடியும் முந்தியது. இந்த முறை நல்லதற்கு.

"அன்ரி, ஆராவது கிட்ட நிண்டு வீடியோ கோலிலை பெரியம்மாவுக்குக் காட்டவேணும்."

"ஆரிட்டையாவது குடு, பிள்ளை."

"குடுத்தால் அவையள் தங்கடை முகத்தைத்தான் காட்டுவினம்."

"உண்மைதான்," என்றது யாழ்ப்பாணம்.

"எனக்கு ரெண்டு கைதான் அன்ரி. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. போனை மட்டும் பிடியுங்கோ."

அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். வடையைப் பார்த்தார். "எடியே வாறியோ இல்லையோ!" என்றது போன். துணியை வைத்துவிட்டு நடந்தார். நான் அவருக்கு முன்னால் சனத்தை விலக்கிக்கொண்டு போனேன், பின்னால் வருகிறாரா என்று ஒவ்வோர் அடிக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

மணவறைக்குக் கிட்ட மாப்பிள்ளையின் மாமி ஒருவர் அம்மாவைப் பார்த்து ஒரு கணம் நின்றார். அம்மா போனைத் தூக்கிக் காட்டினார். "அக்காவுக்குக் காட்ட வந்தனான்." மாமி உடனே வழிவிட்டது மட்டுமல்ல, "இஞ்சாலை வாங்கோ, அங்கை தெரியாது," என்று இன்னும் முன்னால் தள்ளியும் விட்டார்.

இப்போது மணப்பெண்ணுக்கு ஒரு கை தூரத்தில் அம்மா. நான் கண்ணைக் கமராவில் வைத்தேன்.

அப்போதுதான் தெரிந்தது என் புத்திசாலித்தனத்தின் லட்சணம். போன் முகத்துக்கு நேரே இருந்தது. நெற்றிக்குக் கீழே கழுத்துவரைக்கும் ஒரு கறுப்புச் சதுரம். தாலிப் படத்தில் அம்மா நிற்பார், முகம் இருக்காது.

ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம். சனம் முழுவதும் எழுந்தது. அறுகரிசி என் தலையிலும் லென்ஸிலும் விழுந்தது. "அன்ரி, போனைக் கொஞ்சம் கீழை!" என்று கத்தினேன். நாதஸ்வரத்துக்கு முன்னால் என் குரல் எம்மாத்திரம்?

மாப்பிள்ளை மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டார். எங்கள் கொடிக்கு முடிச்சில்லை, திருகுச் சுரை பூட்ட வேண்டும். பூட்டினார். பூட்டுப்படவில்லை. மறுபடி பூட்டினார். சுரை விரலில் வழுக்கியது. தோழன் கையை நீட்டினார், ஐயர் வேண்டாமென்று தடுத்தார். மேளம் அடிக்கிறது, அடிக்கிறது, அடித்துக்கொண்டேயிருக்கிறது.

அம்மாவின் கை தாழ்ந்தது. தன் கையில் போன் இருப்பதையே மறந்து, கழுத்தை முன்னால் நீட்டி, மகளின் பிடரியில் தடுமாறும் அந்த விரல்களை மட்டும் பார்த்தார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் ஷட்டரிலிருந்து விரலை எடுக்கவில்லை. அமர்த்தினது அமர்த்தினபடி.

சுரை பூட்டியது. அம்மா நிமிர்ந்து, சுற்றிப் பார்த்து, போனைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் வரிசைக்குப் பின்னால் போய்விட்டார்.

அடுத்த கிழமை ஸ்டூடியோவில் படங்களைத் திறந்தோம். மணப்பெண்ணும் அம்மாவும் வந்திருந்தார்கள். அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளையின்ரை முகத்தைக் காணேல்லை!"

உண்மைதான். தோழனின் கை மாப்பிள்ளையை மறைத்திருந்தது. ஒரு காதும் தலைப்பாகையின் துண்டும்தான். மணப்பெண் கண்ணை மூடியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், மிகத் தெளிவாக, வாய் கொஞ்சம் திறந்தபடி அம்மா.

எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு அங்கே நின்றது நினைவிருக்குமோ, அதற்காக இனித் தன்னைத்தானே ஏசுவாரோ என்று. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மகளே எடுத்து மேசையில் வைத்தாள்.

"பெரியம்மா, கல்யாணம் வடிவாத் தெரிஞ்சதோ?"

"என்னத்தைத் தெரிஞ்சது! தாலி கட்டேக்கை உன்ரை கொம்மா எனக்குக் கம்பளத்தையும் தன்ரை காலையுமெல்லோ காட்டினவள். மேளம் கேக்குது, பாத்தால் கால். நான் என்ன செய்ய? கையிலை வைச்சிருந்த அறுகரிசியை அந்தக் காலிலையே போட்டுவிட்டன்."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"சுரை பூட்டுப்படேல்லை, அக்கா. நான் பயந்துபோனன்."

"பூட்டுப்பட்டுதெல்லோ? பிறகென்ன."

அம்மா திரைக்குக் கிட்ட வந்து, கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார், அந்த ஒற்றைக் காதைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைப் பொடியன் பாவம். முகம் தெரியிற வேறை படம் இல்லையோ, பிள்ளை?"

"இல்லை," என்றாள் மகள், எனக்கு முந்தி.

வேறு படங்கள் நிறைய இருந்தன. நான் மடிக்கணினியை மூடினேன்.