பொன்முடியில் பனி

சாம்பசிவனுக்கு என்ன வேலை என்று கிழக்கேகோட்டையில் அவர் தெருவில் விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். கம்ப்யூட்டரில் கிரேன் ஓட்டுகிறார் என்பார்கள் சிலர். சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கச் சம்பளம் வாங்குகிறார் என்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டாவது கோஷ்டிதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

நகரத்துக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஓர் ஆபீசின் நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, பின்லாந்தில் ஏதோ ஒரு துறைமுக ஊரில் நிற்கும் ஆறு டவர் கிரேன்களைக் கேமராவில் பார்ப்பதுதான் அவர் வேலை. ராத்திரியெல்லாம் பெய்கிற பனி கிரேனின் நீண்ட கையில் உறைந்து ஐஸாக ஒட்டிக்கொள்ளும். காலையில் கை அசைந்ததும் பாளம் பாளமாகக் கீழே விழும். அடியில் நிற்பவன் ஹெல்மெட் போட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. அதனால் வெள்ளையாக எதைக் கண்டாலும் சாம்பசிவன் போனை எடுத்து "ஸ்டாப்" என்பார். ஆட்கள் மேலே ஏறித் தட்டிக் கொட்டிவிட்டுக் கேமராவில் காட்டினால்தான் கிரேன் நகரும். அங்கேயே ஒருத்தர் அண்ணாந்து பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் அங்கே அண்ணாந்து பார்ப்பவருக்குக் கொடுக்கிற சம்பளத்தில் இங்கே ஒரு மாடி முழுக்க ஆள் வைக்கலாமே.

இதற்கு முன் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். வீட்டிலும் கேஸ் சிலிண்டரை அவர் மூடின பிறகு மனைவி விஜயலக்ஷ்மி திறக்கவே கஷ்டப்படுவாள். அவ்வளவு இறுக்கம். பனியை அவர் ஜன்மத்தில் பார்த்தது கிடையாது. ஆபீஸ் ஏசிக்கே மஃப்ளர் சுற்றிக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே வம்பு வந்தது. அந்தப் பக்கத்தில் கிரேன்களுக்குப் பொறுப்பான ஃபோர்மன் ஆர்வோ. அவனுக்குப் பேச்சு குறைவு, கோபம் தாராளம். சாம்பசிவன் தொடர்ந்து நான்கு நாள் கிரேனை நிறுத்தினார். நாலாம் நாள் மேலே ஏறிப் பார்த்தால் அது கடற்பறவையின் எச்சம். ஆர்வோ போனில், "நீ பிறந்ததிலிருந்து பனியைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். பின்னால் அவன் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சாம்பசிவனுக்குச் சுருக்கென்றது. "நான் பொன்முடி மலை அடிவாரத்தில் பிறந்தவன்," என்று ஒரு போடு போட்டார். "டிசம்பர் வந்தால் முழங்கால் வரைக்கும் பனி. என் பெரியப்பாவின் பசுமாடு ஐஸ் விழுந்துதான் செத்தது."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. மறுநாள் அவர் சொன்னதும் கிரேனும் நின்றது. அன்றைக்கப்புறம் சாம்பசிவன் நிறுத்து என்றால் ஆர்வோ மறு பேச்சுப் பேசுவதில்லை. பொய் பலித்த சந்தோஷத்தில் சாம்பசிவன் அதைச் சும்மா விடவில்லை, வருஷத்துக்கு வருஷம் போஷித்து வளர்த்தார். இரண்டாம் வருஷம் அவர் பள்ளிக்கூடத்துக்குப் பனியில் நடந்து போனார். மூன்றாம் வருஷம் நாய் இழுக்கிற வண்டி வந்தது. ஐந்தாம் வருஷம் அந்த நாய்களுக்குப் பெயர்கூட இருந்தது. மனசுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. இவ்வளவு அனுபவசாலியை ஒரு தடவையாவது நேரில் வந்து பார் என்று அவர்கள் கூப்பிட மாட்டார்களா என்று.

கூப்பிடவில்லை. அதற்குப் பதில் ஆர்வோவே வந்துவிட்டான்.

முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்து உழிச்சில் செய்துகொள்ள பிப்ரவரியில் கோவளத்துக்கு வந்தவன், இறங்கின மறுநாளே போன் செய்தான். வந்த இடத்தில் பொன்முடிப் பனியைப் பார்க்க வேண்டுமாம். இப்போது எல்லாம் உருகியிருக்கும் என்றார் சாம்பசிவன். நிழலில் கொஞ்சமாவது கிடக்கும், வரும் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவரிடம் விஜயலக்ஷ்மி விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"நாய் வண்டியா? நம்மாத்துல பூனைக்கே பயப்படறேள்," என்றாள். "பேசாம ஒத்துண்டுடுங்கோ. சொன்னது பொய்னு சொல்லிட்டா தீந்துது, அல்லே?"

"தீராதுடி. நாளைக்கு நான் நிறுத்துன்னா அவன் நிறுத்துவானா? இவனுக்கு என்ன தெரியும்னு கிரேனை ஓட்டுவான். அடியில ஆள் நிக்கறான்."

விளையாட்டாகச் சொன்ன பொய்யின் மேல் முகம் தெரியாத யாரோ ஒருவனின் உயிர் போய் உட்கார்ந்திருந்தது. சாம்பசிவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

தெரு முனையில் டாக்சி ஓட்டுகிற ஷிஜியிடம்தான் யோசனை கேட்டார். அவன் மச்சானுக்கு விழிஞ்ஞத்தில் ஐஸ் பிளான்ட். மீன் பெட்டிக்குப் போடுகிற தூள் ஐஸ் எத்தனை மூட்டை வேண்டுமானாலும் கிடைக்கும்.

"போற வழியில கல்லாற்றுல பாறை மறைவுல கொட்டிடலாம் சாரே. பொன்முடி வரைக்கும் போனா உருகிப் போகும்," என்றான் ஷிஜி. "பக்ஷே இது மீன் ஐஸ் ஆணு. மணம் இருக்கும் கேட்டோ."

"மணமா?"

"நல்ல அயிலை மீன் மணம்."

பரம்பரையாக மீன் மார்க்கெட் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் சாம்பசிவன். ஆனாலும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் வாசலில் நின்று விருந்தாளிகள் மேல் பன்னீர் தெளிக்கிற பொறுப்பு எப்போதும் அவருடையது. எந்த வேர்வைக் கூட்டத்தையும் பன்னீர் சரி செய்துவிடும் என்பது அவர் அனுபவம். மூன்று பாட்டில் வாங்கினார்.

ஞாயிறு காலை ஷிஜி முன்னாலேயே போய், ஆற்றங்கரையில் பெரிய பாறைக்குப் பின்னால் ஐஸைக் கொட்டிப் பரப்பிப் பன்னீரையும் ஊற்றி வைத்திருந்தான். சாம்பசிவன் வேறொரு வண்டியில் ஆர்வோவோடு வந்து இறங்கினார். ஆர்வோ ஆறடிக்கு மேல் இருந்தான், வெயிலில் இறால் நிறத்துக்குச் சிவந்திருந்தான். ரோட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் வழியில் ஒரு தென்னந்தோப்பு. அவன் பாட்டுக்கு மரங்களுக்கு அடியில் நேராக நடந்தான். சாம்பசிவன் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அண்ணாந்து பார்த்துப் பார்த்து, குலை இருக்கிற மரங்களையெல்லாம் சுற்றி வளைத்து அழைத்துப் போனார். இரண்டு நிமிஷ வழிக்குப் பத்து நிமிஷம் ஆனது. ஆர்வோ ஒன்றும் கேட்காமல் இழுத்த இழுப்புக்கு வந்தான்.

பாறையை நெருங்கும்போதே காரியம் கெட்டுவிட்டது தெரிந்தது. கல்லாற்றுக் காக்கைகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. மேலே ஒரு பருந்து வட்டம் போட்டது. ஷிஜி துண்டை வீசி விரட்டிக்கொண்டிருந்தவன், இவர்களைக் கண்டதும் இயற்கையை ரசிப்பவன்போல் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டான். பாறை நிழலில் நாலு பாய் அகலத்துக்கு வெள்ளை கிடந்தது. கல்யாண மண்டபத்துக்குள் மீன் கூடை கவிழ்ந்ததுபோல் ஒரு வாசனை.

"பனி," என்றார் சாம்பசிவன்.

ஆர்வோ குனிந்து ஒரு கை அள்ளினான். விரலால் கிளறினான். முகர்ந்து பார்த்தான். பிறகு பளபளவென்று மின்னிய ஒரு செதிலை எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டினான்.

"உங்கள் பனியில் மீன் இருக்கிறது."

"ஆறு பக்கத்தில் இருக்கிறதே," என்றார் சாம்பசிவன்.

ஆர்வோ அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. ஆறு வருஷத்தில் அந்த மனிதன் சிரித்துச் சாம்பசிவன் கேட்டதில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, காக்கைகளே எழுந்து பறக்கிற மாதிரி சிரித்தான். சாம்பசிவனுக்கு அவமானத்தில் காது சுட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தார். இனி போனில் அவர் என்ன கத்தினாலும் பின்னால் அந்தச் சிரிப்புதான் கேட்கும்.

"நான் சொன்னது பொய்தான்," என்றார். "மாடு, நாய் எல்லாம் பொய். ஆனால் நான் நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்திவிடு. அதற்காகத்தான் இவ்வளவும்."

"பொய் என்று எனக்கு முதல் வருஷமே தெரியும்," என்றான் ஆர்வோ. "மாடு செத்ததாகச் சொன்னாயே, அன்றைக்கே உன் ஊர் எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தேன். முப்பத்திரண்டு டிகிரி."

சாம்பசிவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். நாய்களுக்குப் பெயர் யோசிக்கவே ஒரு வாரம் ஆகியிருந்தது.

"பின்னே ஏன் நிறுத்தினாய்?"

ஆர்வோ சிரிப்பை நிறுத்தினான். கையிலிருந்த ஐஸ் உருகி முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"என் ஆட்கள் பனியிலேயே பிறந்தவர்கள். அதன் அடியில் நின்று காப்பி குடிப்பார்கள். நானும் அப்படித்தான். உனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன் எங்கள் ஊர்க்காரன், கெட்டிக்காரன். இது பழைய ஐஸ், விழாது என்று ஒரு நாள் சொன்னான். விழுந்தது. என் தம்பி அடியில் இருந்தான். இப்போது சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறோம். அடுத்ததாக நீ வந்தாய். எச்சத்துக்கே நடுங்குகிறாய். அந்த மாட்டைப் பற்றிச் சொன்னபோது உன் குரல் நடுங்கியது பொய்யில்லை. அந்தப் பயம் எங்கள் ஊரில் ஒருத்தனிடமும் இல்லை."

ஐம்பத்தோரு வயது வரை சாம்பசிவனின் பயத்தைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவர் மெல்லக் குனிந்து, மிச்சமிருந்த வெள்ளையை நோக்கி விரலை நீட்டினார். மீன் என்று தெரிந்தும் நீட்டினார். ஆர்வோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம்," என்றான். "அங்கேயும் வராதே. கம்பெனி கூப்பிட்டாலும் வராதே. பார்த்தால் உனக்கும் பழகிவிடும்."

சாயங்காலம் வீட்டில் விஜயலக்ஷ்மி கேட்டாள். "என்ன சொன்னான்? அங்க கூப்டானா?"

"வரவே படாதுன்னுட்டான்."

"கோவமா?"

"இல்லடி. நான் இப்படியே இருக்கணுமாம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இந்த மனுஷரை எப்படியாவது மாற்றிவிடலாம் என்று கல்யாணமான நாளிலிருந்து முயன்றவள் அவள். உள்ளே போய்க் காப்பி கலந்தாள். சாம்பசிவன் பின்னாலேயே போய், அவள் அணைத்த அடுப்பை இன்னொரு தடவை அணைத்தார். அன்றைக்கு மட்டும் அவள் திட்டவில்லை.