உப்புக்கு ஒரு ஜெபக் குறிப்பு

எங்கள் வீட்டில் பெரிய சாப்பாடு சாயங்காலம் நாலு மணிக்குத்தான். டாடி ஆபீஸ் வேன் டிரைவர். விடியற்காலையில் கிளம்பிப் போய், கம்ப்யூட்டர் வேலைக்காரர்களை பெங்களூர் வைட்ஃபீல்டில் இறக்கிவிட்டு, இன்னும் இரண்டு நடை அடித்துவிட்டு, மூன்றரைக்கு ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்து சேர்வார். நானும் அக்காவும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கால் கழுவும்போது அம்மா தரையில் நாலு தட்டு வைத்திருப்பாள்.

ஜீவனஹள்ளியில் இருந்துகொண்டு அப்பாவை டாடி என்று கூப்பிட்டதற்குக் காரணம் பக்கத்தில் இருக்கும் காக்ஸ் டவுன். எங்கள் சர்ச் அங்கேதான். அங்கே வரும் பிள்ளைகள் எல்லாம் டாடி என்றுதான் கூப்பிடும். எனக்கு வேறு இங்கிலீஷ் எதுவும் வராததால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நன்றாகப் பழகி வைத்திருந்தேன்.

டாடியின் சாப்பாட்டு ஜெபம் சுத்தமான டிரைவர் ஜெபம். பச்சை விழுந்ததும் வண்டியை எடுப்பதுபோல் எடுத்துவிடுவார். "ஆண்டவரே, சோறு குடுத்தீங்க, ஸ்தோத்திரம், ஆமென்." நான் ஒரு கண்ணை மூடி அடுத்த கண்ணை மூடுவதற்குள் அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டிருப்பார்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், லெந்து நாட்கள் ஆரம்பித்ததும் எங்கள் சாப்பாட்டிலிருந்து உப்பு காணாமல் போனது. இயேசுவின் பாடுகளை நினைத்து அந்த நாற்பது நாளும் ஒவ்வொரு வீட்டிலும் எதையாவது விட்டுவிடுவார்கள். ஒரு வீட்டில் கறி, ஒரு வீட்டில் டீ, ஒரு வீட்டில் டிவி. இந்த வருஷம் நாம் உப்பை விடுகிறோம் என்றாள் அம்மா. நான் குளிப்பதை விட்டுவிடுகிறேன், உப்பை விட வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். அதை ஏற்கெனவே விட்டாச்சே என்றாள் அக்கா.

உண்மை வேறு. டாடிக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தது. உப்பு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோய் என்று தெரிந்தால் வேன் கான்ட்ராக்டர் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார். சர்ச்சிலும் சொல்ல முடியாது. எங்கள் சர்ச்சில் யாரும் புறணி பேச மாட்டார்கள். ஜெபிப்பதற்காகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்துத்தான் பேசுவார்கள். பிள்ளைகளிடம் சொல்லலாம் என்றால், பிள்ளைகளில் ஒருத்தன் நான். எனவே அம்மாவும் டாடியும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. டாடி தட்டில் மட்டும் உப்பு இல்லாமல் போனால் அவர் தனியாகிவிடுவார் என்று அம்மா நாலு தட்டுக்கும் சேர்த்தே நிறுத்தினாள். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது பதினேழு வயதில். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ரசம் என்பது தக்காளி தவறி விழுந்த வெந்நீர் ஆகிவிட்டது என்பதுதான்.

நாற்பது நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஈஸ்டர் அன்றைக்குக் கோழி வந்தது. புதினா, பட்டை, கிராம்பு என்று வாசனை தெருமுனை வரை போனது. முதல் வாய் வைத்தேன். இயேசு உயிர்த்தெழுந்துவிட்டார், உப்பு எழுந்திருக்கவில்லை.

லெந்துதான் முடிந்துவிட்டதே என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கலாம், கர்த்தருக்குப் பிடித்திருக்கிறது என்றாள் அம்மா. அவருக்கு யார் சமைக்கிறார்கள் என்று கேட்டதற்கு மண்டையில் ஒரு கொட்டு கிடைத்தது. டாடி கோழியை மென்றுகொண்டே இருந்தார். ரொம்ப நேரம் மென்றார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. ஒரே அறையில் பாய் விரித்து இருபது பேர். ஞாயிறு பள்ளி நடத்தும் டீச்சர் ஆன்ட்டிதான் தலைமை. பாட்டு முடிந்ததும் அவர் எல்லாரையும் பார்த்து, ஜெபக் குறிப்பு இருக்கிறவர்கள் சொல்லலாம் என்றார். ஒருத்தருக்கு மூட்டு வலி. ஒருத்தர் மகனுக்கு விசா வர வேண்டும். ஒருத்தர் மருமகளுக்கு நல்ல புத்தி வர வேண்டும், அந்த மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நான் கையைத் தூக்கினேன்.

"எங்க வீட்ல ரொம்ப நாளா உப்பு இல்ல ஆன்ட்டி. உப்பு கெடைக்கணும்னு ஜெபம் பண்ணிக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்போம். அம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். டீச்சர் ஆன்ட்டிக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. இந்தக் குடும்பத்தின் இல்லாமையை நீர் காண்கிறீரே ஆண்டவரே என்று ஆரம்பித்தவர் கால் மணி நேரம் விடவில்லை. உப்புக்கே வழியில்லாத வீடு என்று இருபது பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டாடியின் தோள் குலுங்கியதைப் பார்த்து அவரும் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். கூட்டம் கலைந்த பிறகு அம்மா தோசைக் கரண்டியோடு என்னைத் தேடியபோதுதான், அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"வுடு. புள்ள இன்னா தப்பா கேட்டுட்டான்? கேக்க வேண்டிய எடத்துல தான கேட்டான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உப்பு வந்தது. ஒன்பது பாக்கெட். கூடவே ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய். ஜெபத்துக்கு அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததை அதற்கப்புறம் நான் என் வாழ்க்கையில் பார்க்கவில்லை. அம்மாவால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. உப்பு இருக்கிறது என்றால் ஏன் போடவில்லை என்பார்கள். எல்லாவற்றுக்கும் தேங்க்ஸ் சொல்லி வாங்கி வந்து, சமையல் அறையில் மேலே எனக்கு எட்டாத பலகையில் வரிசையாக அடுக்கினாள். அன்றைக்கு நாலு மணிக்கும் குழம்பில் உப்பு இல்லை.

அம்மாவுக்கு விசுவாசம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். ஸ்டூல் மேல் டப்பா வைத்து ஏறி, ஒரு பாக்கெட்டின் மூலையைக் கடித்து, தீப்பெட்டியில் உப்பை நிரப்பி டிராயர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு நாள் என் தட்டுக்கு மட்டும்தான் போட்டுக்கொண்டேன். நான் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை.

மூன்றாம் நாள் டாடியைப் பார்த்தேன். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அவர் அந்த ஊறுகாய் பாட்டிலைக் கீழே இறக்கி, மூடியைத் திறந்து, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி நின்றார். அப்புறம் மூடியைத் திருகி, அது முன்னால் எப்படி இருந்ததோ அதே மாதிரி லேபிள் வெளியே தெரிய வைத்துவிட்டுப் போனார். ஒரு விரல்கூட உள்ளே விடவில்லை. விடியற்காலையிலிருந்து வண்டி ஓட்டுகிற மனுஷன் ஊறுகாயை மோந்துவிட்டுப் போகிறாரே என்று பாக்கெட்டிலிருந்த தீப்பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். அம்மா மூடினாள். அக்கா எப்போதும் பரலோகத்தை நேரில் பார்ப்பவள்போல் இறுக்கி மூடுவாள். நான் ஒரு சிட்டிகை எடுத்து அவர் சோற்றில் தூவினேன். தூவினேன் என்று சொல்வது மரியாதைக்கு. அவர் ஜெபத்தின் வேகத்தில் ஒரே இடத்தில் கொட்டிவிட்டேன்.

அந்த இடத்திலிருந்து அவர் முதல் வாயை எடுத்தார். தாடை நின்றது. நான் கிறிஸ்துமஸ் கார்டில் வரும் தேவதூதன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு மீதிச் சோற்றையெல்லாம் அந்த மூலைக்கு இழுத்து ஒன்றாகப் பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"இன்னிக்கி ரசம் ஜோரா இருக்கு" என்றார்.

அம்மா எழுந்து சமையல் அறைக்குள் போய்விட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளும் ரொம்ப நாளாக ஒரு ஜெபக் குறிப்பு வைத்திருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் நாக்கு உப்பில்லாத சோற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஜெபம். அது அன்றைக்குக் கேட்கப்பட்டுவிட்டது.

அதிலிருந்து தினமும் நடந்தது. அதோடு டாடியின் ஜெபமும் நீள ஆரம்பித்தது. அரிசிக்காக ஸ்தோத்திரம், தக்காளிக்காக ஸ்தோத்திரம், அதைச் சமைத்த கைக்காக ஸ்தோத்திரம், வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் குறுக்கே வந்த ஆட்டோக்காரனுக்காகவும் ஸ்தோத்திரம் என்று போய்க்கொண்டே இருக்கும். டாடி, சோறு ஆறுது என்று அக்கா நெளிவாள். ஆளுக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா பூரித்தாள். எனக்கும் சௌகரியம், நிதானமாக நாலு பக்கமும் சமமாகத் தூவ நேரம் கிடைத்தது.

ஜூன் மாதம் டாடி ஷூவை விட்டுவிட்டுச் செருப்புப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார். கால் உள்ளே நுழையவில்லை. காலையில் முகம் உப்பலாக இருந்தது. அவர் சதை போடுகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். நான் போட்ட உப்பு உடம்பில் ஒட்டுகிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்ற வருத்தம் மட்டும்தான்.

ஜூலையில் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அக்கம் பக்கத்தார் சாப்பாடு கொண்டு வந்தார்கள். எலுமிச்சம்பழ சாதம், உருளைக்கிழங்கு. எல்லாவற்றிலும் உப்பு இருந்தது. நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளை பசியில் இருக்கிறான், பாவம் என்று தலையைத் தடவினார்கள்.

இப்போது நானும் வைட்ஃபீல்டில் கேப் ஓட்டுகிறேன். ஏழாவதை இரண்டு தடவை படித்தவனுக்கு ஸ்டியரிங் கிடைத்ததே பெரிது. வண்டியில் டாக்டர் யாராவது ஏறினால் விட மாட்டேன். சார், தெரிந்த ஒருத்தருக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பிப்பேன். கிட்னி அந்த நிலைக்கு வந்த பிறகு ஒரு சிட்டிகை உப்பால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றார் ஒருவர். அவரை அப்பார்ட்மென்ட் லிஃப்ட் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டு வந்தேன். தினமுமா, எத்தனை மாதம் என்று கேட்டார் இன்னொருவர். கேட்டுவிட்டு, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இறங்கும் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் இன்றைக்கும் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்கிறாள். என் வீட்டுக்காரருக்குக் கடைசி மூன்று மாதம் கர்த்தர் உப்பில்லாத சோற்றை ருசியாக்கிக் கொடுத்தார் என்று. அந்த இடம் வரும்போது அவள் முகம் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிடும். அவளிடம் மிச்சம் இருக்கும் அற்புதம் அது ஒன்றுதான். அதில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த ஒன்பது நாளில் ஆஸ்பத்திரியில் எங்களை ஒரே ஒரு நாள் உள்ளே விட்டார்கள். அம்மா கேரியரில் ரசம் சோறு கொண்டு வந்திருந்தாள். டாடியைத் தலையணை வைத்து உட்கார வைத்து, தட்டை மடியில் வைத்தாள். ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது. அவர் கண்ணை மூடினார். அம்மாவும் அக்காவும் மூடினார்கள். நான் பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன்.

என் விரல் தட்டுக்கு மேலே போனபோது அவருடைய இன்னொரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. கண் திறக்கவில்லை. ஜெபமும் நிற்கவில்லை. இறுக்கிப் பிடிக்க அவரிடம் பலமும் இல்லை, இழுத்திருந்தால் வந்திருக்கும்.

"ஆண்டவரே, இந்தப் புள்ள மேல ஒரு குத்தமும் வெக்காதீங்க. பெருசானப்பறம் அவனா எடுத்து அவன் தலைல வெச்சிக்குவான். அதுக்கும் வுடாதீங்க. ஆமென்."

ஆமென் என்றாள் அம்மா. என்னைப் பற்றிய ஜெபத்தில் குற்றம் வருவது எங்கள் வீட்டில் சாதாரணம். டாடி என் கையை விட்டுவிட்டு, உப்பில்லாத சோற்றை இரண்டு வாய் சாப்பிட்டார்.

அது எந்தக் குற்றம் என்று எனக்குத் தெரியும். போன வாரக் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கி, டாடியின் கையெழுத்தை நானே கிறுக்கிக் கொடுத்திருந்தேன். அவர் படுத்த படுக்கையாக இருக்கும்போது அதைப் போய் யார் போட்டுக் கொடுத்திருப்பார்கள்? அக்காவா, டீச்சர் ஆன்ட்டியா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வீடு வரும் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.