பிரேமலா சும்மா இருக்கப் பழகிய கதை

பிரேமலாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன்பே மாசாய்க்கு வந்து, இன்றுவரை ஒரு தொழிற்சாலையில் மின்சாமான் சோதிக்கிறவள். டிவி பார்த்தாலும் மடியில் நெத்திலித் தட்டு இருக்கும். கண் நாடகத்தில், கை நெத்திலித் தலையைக் கிள்ளுவதில்.

புருஷன் காளிதாஸ் நேர்மாறு. லோரி ஓட்டிவிட்டு வந்தால் நேரே கெருசி மாலாஸ்தான். அந்தச் சாய்வு நாற்காலித் துணியில் அவன் முதுகு அச்சாகப் பதிந்து கிடந்தது.

ஐம்பத்தொரு வயதில் பிரேமலாவுக்கு மாதவிடாய் நின்றது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது. மறதி வேறு. கார் சாவியை ஐஸ் பெட்டியில் கோழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். மூளை கெட்டுப்போகிறதோ என்று உள்ளுக்குள் பயம். சொன்னால் காளிதாஸ் சிரித்தான். வயதாகிவிட்டது லா என்றான்.

அதனால்தான், ஸ்கூடாயில் விஜிதா என்ற ஆராய்ச்சிப் பெண் இதே வயதுக்காரிகளைத் தேடுகிறாள் என்று தெரிந்ததும் பிரேமலா பேர் கொடுத்தாள். அவள் மறதியைச் சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் விஜிதாதான். ஈஸ்ட்ரோஜன் இந்த வயதில் குறையும், அதற்கும் சும்மா கிடக்கும்போது மூளை செய்யும் வேலைக்கும் சம்பந்தம் இருக்குமா என்று பார்க்கிறோம், என்றாள். கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். பிறகு ஸ்கேன் எந்திரத்துக்குள் படுத்து, மேலே தெரியும் கூட்டல் குறியைப் பார்த்தபடி அசையாமல் கிடக்க வேண்டும். தூங்கக் கூடாது.

கூடப் போன காளிதாஸ் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டான்.

"சும்மா இருந்தாலும் மூளை வேல செய்யுமாம்மா?"

"நெறையவே செய்யும் அங்கிள்."

வழக்கில் ஜெயித்தவன்போல அவன் பொண்டாட்டி பக்கம் திரும்பினான். "கேட்டுக்க. இத்தன வருஷமா நான் கெருசியில வேலதான் பாத்துருக்கேன்."

முதல் ஸ்கேன் பாழ். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பிரேமலாவின் விரல்கள் இல்லாத நெத்திலியைக் கிள்ள ஆரம்பித்தன. ஒவ்வொரு கிள்ளுக்கும் தலை லேசாக ஆடியது. படம் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை பார்க்கலாம், அப்போதும் அசைந்தால் உங்களைச் சேர்க்க முடியாது ஆன்ட்டி, என்று விஜிதா வருத்தமாகச் சொன்னாள்.

ஸ்கூடாய் நெரிசலில் கார் ஊர்ந்தது. பிரேமலா சத்தமில்லாமல் அழுதாள். காளிதாஸுக்கு என்னமோ போலாகிவிட்டது.

"இதுக்குப் போயி அழுவாங்களா? சும்மா இருக்கறதுக்கு நான் சொல்லித் தரேன்."

கெருசி மாலாஸை விட்டுக்கொடுத்தான். கூரையில் கறுப்பு டேப்பால் கூட்டல் குறி ஒட்டினான். அவள் நெற்றியில் ஐம்பது காசை வைத்தான். காசு விழுந்தால் தோல்வி.

குக்கர் விசில் அடித்தது. காசு விழுந்தது. அடுத்த நாள் குக்கரை அவனே பார்த்துக்கொண்டான். கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒட்டடை தெரிந்தது, அவள் துடைப்பத்துக்கு எழுந்தாள். ஒட்டடையையும் அவனே அடித்தான். மழை வந்தால் துணி எடுத்தான், அவளுக்கு உடம்பு கொதித்தால் விசிறியைத் திருப்பினான். காசு மெல்ல மெல்ல நிலைத்தது.

இரண்டாம் தடவை எந்திரம் தகரக் கூரையில் தேங்காய் விழுகிறமாதிரி இடித்தது. பாதியில் உடம்பு கொதித்தது. வேர்வை காதுக்குள் இறங்கியது. மூக்கு அரித்தது. பிரேமலா நெற்றியில் இல்லாத ஐம்பது காசைக் கீழே விடாமல் கிடந்தாள்.

"படம் சுத்தமா வந்துருக்கு ஆன்ட்டி," என்றாள் விஜிதா.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிரேமலா நேரே போய்க் கெருசி மாலாஸில் சாய்ந்தாள். காளிதாஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"அதான் ஸ்கேன் முடிஞ்சிருச்சுல்ல, எந்திரி. குக்கர் கத்துது பாரு."

அவள் கூட்டல் குறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தொந்தரவு பண்ணாதீங்க. வேலையில இருக்கேன்."

காளிதாஸ் குக்கரை அணைத்துவிட்டு வந்து, நெத்திலித் தட்டை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான்.