மொட்டை மாடியில் வைத்த 350

சோழவந்தானில் காளான் கொட்டகை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒரு காலையில் போன் போட்டுக் கத்தினார். "அண்ணே, நீங்க சர்வீஸ் பண்ணின மீட்டர் ரெண்டும் ஒரே கொட்டகைலதான் தொங்குது. ஒண்ணு எண்ணூறுங்குது, இன்னொண்ணு எண்ணூத்தி எழுபத்தஞ்சுங்குது. எதைப் பார்த்து நான் ஃபேன் போடுறது?"

கரியமில வாயுவை அளக்கும் மீட்டர்கள் அவை; அது கூடினால் காளான் கெடும், ஃபேன் போட்டு வெளியேற்ற வேண்டும். ஒன்றை நான் சரிபார்த்திருந்தேன். இன்னொன்றைப் பர்வீன் சரிபார்த்திருந்தாள். கோரிப்பாளையத்துப் பெண், எங்கள் சர்வீஸ் கடையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

தெர்மாமீட்டரை உருகும் ஐஸில் வைத்துப் பூஜ்யம் பார்ப்போம். இந்த மீட்டருக்கு வெளிக்காற்றுதான் ஐஸ். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சீனியர் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். "மூச்சை அங்கிட்டு விடுப்பா, மீட்டர் மேல பட்டா கெட்டுச்சு. சுத்தமான காத்துன்னா முந்நூத்தி அம்பது. அதுல வை, மூடு" என்றார். பத்து லட்சம் பங்கு காற்றில் முந்நூற்றைம்பது பங்கு என்று கணக்கு. டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் சிவப்பு மார்க்கரில் 350 என்று எழுதிக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் அதுதான் எனக்கு வேதவாக்கு.

பர்வீன் மாடி ஏற மாட்டாள். கரியமில வாயு எவ்வளவு என்று அளவு குறித்த கேஸ் சிலிண்டரை மாட்டித்தான் சரிபார்ப்பாள். எனக்கு அது வெட்டிப் பந்தாவாகத் தெரிந்தது. இரண்டு மீட்டரையும் கடைக்கு வரவழைத்து முதலாளி கேட்டபோது, "அந்தப் பொண்ணு வேலைதான் தப்பு மொதலாளி" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். "டூல்ஸ் பையைக் குடுத்துட்டு இன்னியோட கிளம்பும்மா."

அவள் அழவில்லை. "போறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. இந்த சிலிண்டர்ல ஆயிரம்னு சர்ட்டிபிகேட் இருக்கு. அண்ணன் மீட்டரையும் என் மீட்டரையும் மாட்டிப் பார்த்துருவோம்" என்றாள்.

அவளுடையது ஆயிரம் காட்டியது. என்னுடையது தொள்ளாயிரத்து இருபத்தைந்து.

"சிலிண்டர் கெட்டுப்போயிருக்கும்" என்றேன். சீல் உடைக்காத இன்னொன்றைத் திறந்தாள். அதே கதை. அவளுடைய மீட்டரைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மூச்சை அங்கிட்டு விட்டேன். 425. கையை உயர்த்திப் பிடித்தேன். அப்போதும் 425.

பின்னால் பர்வீன் வந்து நின்றாள். "மீட்டர் சரிதாண்ணே. காத்துதான் மாறிப்போச்சு. நீங்க சேந்தப்ப முந்நூத்தி அம்பதுதான். கரி, பெட்ரோல்னு அம்புட்டையும் எரிச்சு எரிச்சு இப்ப உலகம் முழுக்க இம்புட்டு."

அந்த மீட்டருக்குள் ஒரு சிறு குழாய் உண்டு. ஒரு முனையில் வெப்பக்கதிர் விடும் விளக்கு, மறுமுனையில் சென்சார். நடுவில் கரியமில வாயு கூடினால் கதிரை அது விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்பதுதான் ரீடிங். இந்த வாயு சூட்டைப் பிடித்துவைக்கும் என்று என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அப்படி எத்தனையோ குழாய்களைத் துடைத்தவன் நான். அதே வாயு என் தலைக்கு மேலும் கூடிக்கூடி, பூமி வெளியே விடும் சூட்டை மறித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. "மதுரை வெயில் என்னைக்குத்தான் கொறைஞ்சிருக்கு" என்று பேசிக்கொண்டே, சூடு ஏறுவதற்கான காரணத்தை வருடா வருடம் என் கையாலேயே 350க்கு இறக்கி வைத்திருக்கிறேன். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

கீழே வந்ததும், "தப்பு என்னுது மொதலாளி. பர்வீன் போறதா இருந்தா நானும் போறேன்" என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையை அவளிடமே நீட்டினார். "மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சீனியர் சொன்னதில் தப்பில்லை. அன்றைக்குச் சொன்னதை என்றைக்குமானதாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

டூல் பாக்ஸைத் திறந்து, 350ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மார்க்கரை எடுத்து, "நானூத்தி இருபத்தஞ்சுன்னு எழுதிரவாம்மா?" என்று கேட்டேன்.

"எதையும் எழுதாதீங்கண்ணே" என்றாள் பர்வீன். "அடுத்த வருசம் அதுவும் தப்பாயிரும்."