கொல்லிமலை பஸ்ஸில் காலியாக வந்த சீட்டு

காலை ஆறேகாலுக்கு நாமக்கல்லில் செம்மேடு பஸ் ஏறினேன். சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். கொல்லிமலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் போனது என்னால் உட்கார முடிகிறதா என்று பார்க்க.

இரண்டு வருடமாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி. எனக்கு டி.டி.பி. கடை, உட்கார்ந்தால்தான் சோறு. மாத்திரைகள் எடுபடவில்லை. சேலத்தில் ஒரு டாக்டர், கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதிர்வலை சிகிச்சை கொடுத்தார். ஜெல் தடவி, கையடக்கமான கருவி ஒன்றை அந்த இடத்தில் வைத்து அழுத்துவார். தையல் மெஷின் மாதிரி டக்டக்கென்று அடிக்கும். மயக்க மருந்து கிடையாது. வாரம் ஒரு முறை, நான்கு வாரம். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். ஒரு நீளப் பயணம் போய்ப் பாருங்க" என்றார். கொல்லிமலைப் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை விடப் பெரிய பரீட்சை எங்கள் பக்கத்தில் இல்லை.

காரவள்ளி அடிவாரத்தில் ஒருவர் ஏறினார். என் பக்கத்துச் சீட்டு காலி. அவர் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, சீட்டு காலியாத்தான கெடக்குது, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"பரவால்லீங்க. மூலமுங்க."

முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். "கருணைக்கெழங்கு ஆக்கித் தின்னுங்க. ஒரே மாசத்துல கேக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் வீட்டில் மூலம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். நான் தின்ற கிழங்கை லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

வளைவுக்கு வளைவு அவர் அடிவயிற்றை அழுத்திக்கொண்டார். மலைமேல் சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் நின்றதும் டீக்கடையில் அவரைப் பிடித்தேன். பெயர் பொன்னுசாமி, மலைமேல் அரியூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார்.

"ரத்தம் போகுதுங்களா?"

"இல்லீங்க."

"உக்காந்தா அடியில எரியுதுங்களா?"

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எனக்கு நடந்ததைச் சொன்னேன்.

"அங்க பொம்பளைங்க இருப்பாங்களா?"

"கதவச் சாத்திட்டு டாக்டரே பாப்பாருங்க."

"ஊட்ல என்னன்னு சொல்லிட்டு வாரது?"

"உள்ளதச் சொல்லுங்க" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

செம்மேட்டில் இறங்கியபோது வலி இருந்தது, பழைய வலியில் கால்வாசி. வழி முழுக்க உட்கார்ந்தே வந்திருந்தேன். பஸ் நிலையத்தில் நின்று கொஞ்சம் அழுதேன்.

ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினேன். சோளக்காட்டில் பொன்னுசாமி மனைவியோடு ஏறினார். அந்த அம்மா உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் பையை வைத்தார். இவர் நின்றார். அதே கண்டக்டர்.

"இன்னுமா மூலம் கேக்கல?"

"மூலமில்லீங்க. அடியில வலி. அதுக்குத்தான் சேலம் போறோம்" என்றார் பொன்னுசாமி, பஸ் முழுக்கக் கேட்கும்படி. கண்டக்டர் பையை எடுக்கச் சொன்னதற்கு அந்த அம்மா, "இருக்கட்டுங்க, முடியறப்ப உக்காந்துக்குவாரு" என்றார். அவர்கள் சேலம் பஸ்ஸுக்காக இறங்கிய அடிவாரம் வரை அந்தச் சீட்டு காலியாகவே வந்தது.

மதியம் வீட்டுக்கு வந்தேன். மலையில் ஒரு மனிதர் ஊருக்கே சொல்லிவிட்டார். இங்கே தட்டில் கருணைக்கிழங்கு மசியல். "மலைக்குப் போயிட்டு வந்தது ஒத்துக்கிச்சுங்களா?" என்று கேட்டபடி என் மனைவி இன்னொரு கரண்டி போட வந்தாள். கையால் தடுத்தேன்.

"கெழங்கு போதும். நீ உக்காரு, ஒண்ணு சொல்லோணும்."